நாற்பத்திரண்டாம் எண் வீட்டிலிருந்து எட்டு நிமிடம்

வைகுந்த நகர் விரிவில் நாற்பத்திரண்டாம் எண் வீடு இன்றைக்கும் நாற்பத்தொன்றுக்கும் நாற்பத்துமூன்றுக்கும் நடுவில்தான் நிற்கிறது, வெளிர்பச்சைச் சுவரும் கறுப்புக் கம்பிக்கதவும் வாசலில் ஒரு செம்பருத்தியுமாக, தெருவில் போகிற யார் கண்ணுக்கும் தெரியும்படி நிற்கிறது. ஆனால் அந்த வீட்டுக்குப் போய்வந்தேன் என்று சொல்ல இப்போது அங்கே ஒருவரும் இல்லை.

தணிகைவேல் அந்த வீட்டை வாங்கியதே அதைச் சுற்றி இருந்தவற்றுக்காகத்தான். பேருந்துகளுக்குக் கூண்டு கட்டுகிற பட்டறையில் இருபத்திரண்டு வருஷம் பெயிண்ட் மேஸ்திரியாக இருந்தவர், நாற்பத்தேழாவது வயதில் இரண்டு சிறுநீரகமும் போய், வாரத்தில் மூன்று நாள் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு படுத்துக் கிடந்தால்தான் உயிர் என்று ஆனபோது, அரக்கோணத்தில் இருந்த சொந்த வீட்டை விற்றுவிட்டுச் சென்னைக்குத் தெற்கே இந்தப் புது நகருக்கு வந்தார். மனைவி கோமளவல்லிக்கு மனசே இல்லை. அரக்கோணத்து வீட்டுக்கு அடுத்த தெருவில் அவளுடைய அக்கா இருந்தாள். ஆனால் மனைப்பிரிவுக்காரர்கள் கொடுத்த வழவழப்பான தாளில் பஸ் நிறுத்தம் மூன்று நிமிடம், பள்ளிக்கூடம் நான்கு, பூங்கா ஐந்து, டயாலிசிஸ் மையம் எட்டு என்று போட்டிருந்தது. தணிகைவேல் அதை நம்பாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எல்லா இடத்துக்கும் நடந்து பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. மையத்தின் வாசலில் நின்று கண் கலங்கி, "கோமளா, நான் சாகாம இருக்கணும்னே கட்டின வீடு மாதிரி இருக்கு" என்றார். அதற்குமேல் அவளால் என்ன சொல்ல முடியும்?

மூன்றரை வருஷம் அந்தத் தாளில் போட்டபடியே வாழ்ந்தார்கள். மகள் தேன்மொழி முதல் மணி அடித்த பிறகு செருப்பை மாட்டினாலும் இரண்டாவது மணிக்குள் வகுப்பில் இருப்பாள். கோமளவல்லி தையல் கம்பெனி வேன் ஹாரன் அடித்த பிறகு அடுப்பை அணைப்பாள். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் தணிகைவேல் மையத்துக்கு நடந்தே போய், மூன்றாம் எண் படுக்கையில் படுத்து, நர்ஸ் ஹபீபாவோடு நாட்டு நடப்பெல்லாம் பேசி, சோர்ந்த கால்களோடு நடந்தே திரும்பிவிடுவார்.

அப்புறம் ஐப்பசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, அந்த எட்டு நிமிடம் பதினொன்றானது.

முதலில் கோமளவல்லி அவருடைய கால்களைத்தான் சந்தேகப்பட்டாள். புதன்கிழமை கூடவே நடந்தாள்; பதினாறு நிமிடம் ஆயிற்று. வெள்ளிக்கிழமை தேன்மொழி ஓடியே போய்ப் பார்த்தாள், ஓடினாலும் இருபது. வழியில் எதுவும் மாறவில்லை. அதே மின்கம்பங்கள், அதே வேகத்தடை, அதே இஸ்திரி வண்டி, அதே பூங்கா. கால் எடுத்து வைத்தது வைத்தபடி இருக்க, அந்த அடி போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் பாதிதான் சேர்ந்தது. பக்கத்து நாற்பத்தொன்றாம் எண் வீட்டிலிருந்து புறப்பட்டால் மையம் எப்போதும்போல எட்டே நிமிடம். நாற்பத்திரண்டிலிருந்து புறப்பட்டவர்களுக்கும், நாற்பத்திரண்டுக்குப் போக நினைத்தவர்களுக்கும்தான் தூரம். வேறு வேலையாகப் போகிறவர்களுக்கு அது வழக்கமான முப்பதடிச் சாலை.

இதை வைகுந்த நகர் ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. பால் போடுகிறவர் நாற்பத்திரண்டின் பாக்கெட்டுகளை நாற்பத்தொன்றின் கேட்டில் தொங்கவிட்டார். தையல் கம்பெனி வேன் இரண்டு நாள் காத்திருந்து, மூன்றாம் நாள் போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் தேன்மொழியின் பெயருக்கு எதிரே 'வெளியூர்' என்று எழுதி, தாமதமாக வர அனுமதி கொடுத்தார்கள். கோமளவல்லி பேரூராட்சி அலுவலகத்துக்கு மனு கொடுத்தாள். அங்கிருந்து இருவர் சங்கிலியோடு வந்து அளந்து, அறுநூற்றுப் பத்து மீட்டர், வரைபடத்தில் உள்ளபடியே இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அளப்பதற்காக வந்தவர்கள் என்பதால் அவர்களுக்குத் தூரம் தெரியவில்லை. தபால்காரர் மட்டும் ஒரு பதிவுத் தபாலை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்கென்றே நடந்தார். வெளியாள் என்பதால் அவருக்குத் தூரம் இன்னும் கூடியிருந்தது; மூன்றாம் நாள் தாடியும் வெடித்த உதடுமாகத் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கென்று யாரும் கால் எடுத்து வைக்கவில்லை.

ஆனால் குரலுக்குத் தூரம் இல்லை. அது ஒரு வசதி என்று குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் துரைக்கண்ணு எல்லாரிடமும் சொன்னார். காலையில் நடைப்பயிற்சிக்குப் போகிறவர்கள் வாசலில் நின்று, "எப்படி சார் இருக்கீங்க? இன்னிக்கு எவ்வளவு?" என்று கேட்பார்கள். தணிகைவேல் வராந்தாவிலிருந்து, "ஒண்ணே முக்கால் மணி நேரம் சார்" என்பார். "நேத்துக்கு இன்னிக்குப் பரவாயில்லையே" என்று சொல்லிவிட்டு நடப்பார்கள்.

கார்த்திகையில் அது மூன்று மணி நேரமானது. கணவனும் மனைவியும் விடியும்போதே கிளம்பினால்தான் ஒன்பது மணிக்கு ஊசி குத்திக்கொள்ள முடிந்தது. ஹபீபா அவர் கையில் டேப்பை ஒட்டிக்கொண்டே சொன்னாள்.

"அண்ணா, இன்னும் எதுக்கு அந்த வீட்ல இருக்கீங்க? இந்தப் பக்கம் வந்துடுங்க. இந்த மெஷின் உங்களைத் தேடி வராது."

நாற்பத்தொன்றாம் எண் வீட்டு மரியசெல்வியும் அதையே சொன்னாள். அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், தனியாள். "முன் ரூம் சும்மாதான் கெடக்கு. மூணு பேரும் வாங்க. சட்டி பானைகூட எடுத்துட்டு வர வேணாம்."

தணிகைவேல் தலையை ஆட்டினாரே ஒழியக் கிளம்பவில்லை. "மார்கழி போகட்டும் கோமளா. வந்த மாதிரியே போயிடும். வீட்டைப் பூட்டிட்டுப் போனா, அப்புறம் இது எவ்வளவு தூரம் போகும்னு யாருக்குத் தெரியும்?" அரக்கோணத்தை விற்கவைத்தவர் அவர்; கடிகாரத்தோடு நடந்து பார்த்தவர் அவர்; தான் தேர்ந்தெடுத்த வீடு தன்னைக் கைவிடுகிறது என்று வாயால் சொல்ல அவரால் முடியவில்லை. கோமளவல்லிக்கு அது தெரியும். தெரிந்ததால் அதிகம் வற்புறுத்தவில்லை. மகளை மட்டும், பிளஸ் டூ பரீட்சை வருகிறது என்று சொல்லி, புத்தகப் பையோடு மரியசெல்வி வீட்டுக்கு அனுப்பினாள். இடையில் இருந்த ஒன்றரை ஆள் உயரச் சுவரைச் சுற்றிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போக அன்றைக்கே தேன்மொழிக்கு ஒரு காலைப்பொழுது பிடித்தது.

மார்கழியில் ஒரு புதன்கிழமை விடியற்காலை, தணிகைவேலை வீட்டிலிருந்த மொபெட்டின் பின் சீட்டில் உட்காரவைத்து, பழைய புடவையால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கோமளவல்லி கிளம்பினாள். வெயில் உச்சிக்கு வந்தபோது அவர்கள் நாற்பத்தொன்றின் சுவரைக்கூடத் தாண்டியிருக்கவில்லை. பின்னால் திரும்பிப் பார்த்தாள். அவர்கள் வீட்டுக் கேட்டும் அதே அளவு தூரத்துக்குப் போயிருந்தது. சாயங்காலத்துக்குள் பெட்ரோல் தீர்ந்தது. அதன்பின் வண்டியைத் தள்ளினாள்.

தெருவே வாசலுக்கு வந்து நின்றது. கூப்பிடு தூரம்கூட இல்லை, கையை நீட்டினால் தொட்டுவிடலாம்போல நிற்கிறார்கள். வியர்வை வழிவது தெரிகிறது, மூச்சு வாங்குவது கேட்கிறது. "நாம நாலு பேர் போய்த் தூக்கிட்டு வந்துடலாமே" என்று ஒருவர் சொன்னார். எல்லாரும் ஆமோதித்தார்கள். யார் அந்த நான்கு பேர் என்று துரைக்கண்ணு கேட்டபோது ஒருவருக்கு மறுநாள் ஷிப்ட் இருந்தது, ஒருவருக்குச் சர்க்கரை இருந்தது, ஒருவருடைய மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். தபால்காரரின் உதடு எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. சாப்பாட்டுப் பொட்டலங்களை எறிந்தார்கள். எறிந்ததும் அவர்கள் எடுத்து வைத்த அடி மாதிரிதான். பாதி வழியில் விழுந்து கிடந்தது. கோமளவல்லி அந்தப் பொட்டலத்தை அடைந்தபோது இட்லி ஊசிப்போயிருந்தது. அதைப் பார்த்தபின் கெடாத சாமானாக எறியப் பழகிக்கொண்டார்கள்: பிஸ்கட், பொரி, வறுத்த கடலை, மூடி இறுக்கிய தண்ணீர் பாட்டில்.

பாட்டிலைப் பார்த்ததும், மையத்திலிருந்து ஓடிவந்து தெருவோரம் நின்றிருந்த ஹபீபா கத்தினாள். "அக்கா, அவருக்குத் தண்ணி நெறைய குடுக்காதீங்க! தொண்டை நனையறதுக்கு மட்டும்! யாராவது வாழைப்பழம், எளநீ போட்டாலும் வேணாம்!"

புதன்கிழமை முறை தவறியது. வெள்ளிக்கிழமையும் தவறியது. ஹபீபா மூன்றாம் எண் படுக்கையை வெள்ளிக்கிழமை இரண்டு ஷிப்டுக்கும் காலியாகவே வைத்திருந்தாள். திங்கட்கிழமை வெளியில் வந்து, தெருவைப் பார்க்காமல், "அண்ணா, இன்னும் ஒரு மணி நேரம் வெச்சிருக்கேன். அதுக்கு மேல டாக்டர் திட்டுவாரு" என்றாள். பிறகு உள்ளே போய் வேறு ஒருவரைப் படுக்கவைத்தாள். அந்த ஆளும் மூச்சுத் திணறிக்கொண்டுதான் வந்திருந்தார்.

ஏழாம் நாள் அவர்கள் பூங்கா வேலியின் மறுமுனையை அடைந்தார்கள். தணிகைவேலின் முகமும் காலும் வீங்கி, மூச்சு சீட்டியடிக்கத் தொடங்கியிருந்தது. படுத்தால் மூச்சு முட்டியதால் வண்டி மேலேயே சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடச் சீருடையில் தேன்மொழி மையத்தின் கேட்டில் நின்றுகொண்டிருந்தாள். நான்கைந்து வீட்டு நீளம்தான் இடையில்.

"அப்பா, என்னைப் பாக்கறீங்களா?"

"பாக்கறேன்டா. ரிப்பன் ஒண்ணு அவுந்திருக்கு பாரு."

அவள் அதை அவிழ்த்து மறுபடி கட்டினாள். அவர் அது முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மனைவியிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அரக்கோணத்துலயே இருந்திருக்கலாம், இல்ல?"

ஏழு நாள் வண்டி தள்ளிய கை கோமளவல்லிக்கு. உள்ளங்கைத் தோல் உரிந்து ஹாண்டிலில் ஒட்டியது. "ஆமா" என்றாள்.

அவர் அதற்குப் பிறகு பேசவில்லை. பொழுது சாயும் முன்பு, பூங்காவில் குழந்தைகள் சறுக்குமரத்துக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது, அவருடைய தலை அவள் தோளில் விழுந்தது. கோமளவல்லி அதற்குப் பிறகு எத்தனையோ தடவை அந்தப் பதிலை மாற்றிச் சொல்லிப் பார்த்தாள். 'அங்க இருந்தா மட்டும் என்ன' என்று சொல்லியிருக்கலாம். 'சும்மா இருங்க' என்று சொல்லியிருக்கலாம். ஒன்றுமே சொல்லாமல் இருந்திருக்கலாம். எந்தப் பதிலும் அவரை ஒரு அடி முன்னால் கொண்டுபோயிருக்காது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் மாற்றிக்கொண்டே இருந்தாள்.

அமரர் ஊர்தி வந்து மையத்து வாசலில் நின்றது. அதற்குமேல் வர ஓட்டுநர் சம்மதிக்கவில்லை. ஐயர் சாலையின் இந்தப் பக்கத்திலிருந்தே மந்திரம் சொன்னார். தேன்மொழி இந்தப் பக்கத்திலிருந்தே அரிசி போட்டாள், அது நடுவழியில் விழுந்தது. வண்டியின் நம்பர் பிளேட்டைக் கழற்றி, பூங்கா வேலியோரத்து மணலைக் கோமளவல்லி தனியாகவே தோண்டினாள். தோண்டி முடிக்க ஒன்றரை நாளானது. வேலியோரம் சங்கத்துக்குச் சொந்தமான இடம், குழந்தைகள் விளையாடுகிற இடம் என்று முதலில் ஒரு பேச்சு எழுந்தது. துரைக்கண்ணு அவசரக் கூட்டம் போட்டு, இதை முன்னுதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற நிபந்தனையோடு அனுமதி வாங்கிக் கொடுத்தார். தீர்மானத்தை அவரே சாலையோரம் நின்று சத்தமாக வாசித்தார். கோமளவல்லி மண்ணைத் தள்ளிக்கொண்டே, "ரொம்ப நன்றிங்க" என்றாள்.

மறுநாள் காலையில் தேன்மொழி யாரிடமும் சொல்லாமல் அம்மாவை நோக்கி நடக்கத் தொடங்கினாள். முதல் அடியிலேயே சாலை அவள் காலுக்குக் கீழே நீண்டது. அரை நாள் நடந்தபின்தான் கோமளவல்லி அவளைக் கவனித்தாள்.

"தேனு! திரும்பிப் போடி!"

"நான் வரேன்மா. நீங்க அப்படியே நில்லுங்க."

"நீயும் இதுக்குள்ள வந்துட்டா நான் எந்தப் பக்கம் பாத்து நடக்கறது? சொல்லு. போ. போய்ப் பரீட்சை எழுது."

"எனக்குப் பரீட்சை வேணாம்மா."

"எனக்கு வேணும்."

தேன்மொழி நின்றாள். பிறகு அங்கேயே சாலையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். அந்தத் தெருவில் அப்போது ஜன்னல்களைச் சாத்தாத வீடு மரியசெல்வியினுடையது மட்டும்தான். அரை நாளில் வந்த வழியைத் திரும்பி நடக்க தேன்மொழிக்கு இரண்டு நாள் ஆனது. பங்குனியில் பரீட்சை எழுதினாள். நல்ல மதிப்பெண். அதை மையத்து வாசலில் நின்று அம்மாவிடம் பாடம் பாடமாகச் சொன்னாள். கோமளவல்லி நடந்துகொண்டே கேட்டு, கணக்கு மார்க்கை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.

திரும்பி வீட்டுக்குப் போயிருக்கலாமே என்று தெருவுக்குப் புதிதாக வந்தவர்கள் கேட்பதுண்டு. வீடும் அதே தூரம்தான். ஆளில்லாத வீட்டைப் பார்த்து நடப்பதற்குப் பதில் மகள் இருக்கிற பக்கம் நடக்கிறாள் என்று பழைய ஆட்கள் விளக்குவார்கள். வெயிலுக்கு மரத்தடியில் ஒதுங்குவாள், மழை பெய்தால் மொபெட்டின் மேல் பிளாஸ்டிக் தாளைக் கட்டி உட்காருவாள், மழை விட்டதும் நடப்பாள். சாலைக்குத் தார் போட்டபோது அவளைச் சுற்றிப் போட்டார்கள். அவள் இருக்கிற இடத்தில் வண்டிகள் வளைந்து போகும்படி வெள்ளைக்கோடு வரைந்தார்கள், மாதத்துக்கு ஒருமுறை அதை ஒரு முழம் முன்னால் தள்ளி வரைந்தார்கள். குழந்தைகளுக்கு அவள் சாலையில் இருக்கிற ஒரு பொருள். எறிகிற பிஸ்கட்டும் குறைந்தது. ஆனால் அறவே நின்றுவிடவில்லை.

தேன்மொழி மரியசெல்வி வீட்டிலிருந்தே கல்லூரிக்குப் போனாள். தினமும் காலையில் பத்து நிமிடம் மையத்து வாசலில் நின்று பேசிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். என்ன சமைத்தோம், பஸ்ஸில் யார் வந்தார்கள், ஹபீபாவுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தது. ஆறு வருஷம் அப்படிப் பேசினாள். அதற்குள் கோமளவல்லியின் தலை முழுக்க நரைத்துவிட்டது. அவள் முகத்தில் இருந்த ஏழெட்டுச் சுருக்கங்களை மகளால் எண்ண முடிந்தது, அவ்வளவு பக்கத்தில்தான் இருந்தாள்.

ஒரு நாள் காலையில் தேன்மொழி வழக்கம்போல வந்து நின்று, கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினாள்.

"என்னடி?"

"ஓசூர்ல வேலை கெடைச்சிருக்கும்மா. அங்கேயே தங்கணும்."

கோமளவல்லி ஒரு அடி எடுத்து வைத்தாள். அந்த அடி வந்து சேர்ந்த பிறகுதான் கேட்டாள்.

"எப்போ?"

"திங்கக்கெழமை. ஆனா நான் இன்னும் சரின்னு சொல்லல."

"சொல்லிடு."

"நான் போயிட்டா நீங்க..."

"நீ இங்க நின்னா மட்டும் நான் வந்துடப் போறேனா?" அவள் குரலில் கோபம் இல்லை. "ஆறு வருஷமா பாக்கறேன். என்னைப் பாத்துட்டுத்தான் பஸ்ஸுக்குப் போற. பஸ்ஸுல ஏறியும் மூஞ்சி தெளியறது இல்ல. போ. ஓசூர்ல குளிரும். சொட்டர் வாங்கிக்கோ."

"லீவுல வரேன்மா."

"வா."

முதல் வருஷம் நான்கு தடவை வந்தாள். அடுத்த வருஷம் இரண்டு தடவை. அதற்கடுத்த வருஷம் அவளோடு வேலை பார்க்கிற ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டு, அவனையும் கூட்டிவந்து வாசலில் நிறுத்தினாள். அவன் சங்கடத்தோடு கும்பிட்டான், மாமியாரை எவ்வளவு சத்தமாகக் கூப்பிட வேண்டும் என்று தெரியாமல் கத்தினான். "மெதுவாவே பேசுங்க தம்பி, கேக்குது" என்றாள் கோமளவல்லி. அதற்குப் பிறகு அவர்கள் வந்ததாக யாருக்கும் நினைவில்லை. தேன்மொழி தொலைபேசியில் மரியசெல்வியிடம் விசாரிப்பாள், மரியசெல்வி அதைப் போய்ச் சொல்வாள்.

கோமளவல்லி எதிரே ஆளில்லாமல் நடக்கிறாளே என்று மனசு கேட்காமல், மரியசெல்விதான் தினமும் காலையிலும் மாலையிலும் மகள் நின்ற இடத்தில் போய் நின்றாள். இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. முழங்கால் வலி வந்தபின் நிற்க முடியாமல், வீட்டிலிருந்து ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துவந்து போட்டு உட்கார்ந்தாள். போன ஆடியில் அவளும் கட்டிலோடு படுத்துவிட்டாள்.

நாற்காலியை யாரும் எடுக்கவில்லை. மையத்துக்கு வருகிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே போகிறார்கள். கோமளவல்லி அதைப் பார்த்து நடந்து வந்துகொண்டிருக்கிறாள்.